பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? டிஸ்க் வாங்கும் முன் ஹப்பைப் பாருங்கள்

"டிஸ்க் பெண்ட் ஆயிருச்சு சார், ரெண்டையும் மாத்திரலாம்." பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த வசனம்தான். எங்கள் வீட்டு ஸ்விஃப்டுக்கும் அதையே சொன்னார்கள், மாற்றினார்கள். சில மாதம் வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. பிறகு அதே உதறல், அதே கைகூச்சம். இரண்டாவது முறை நானே பிரித்துப் பார்த்தேன். டிஸ்க்குக்குப் பின்னால், அதையும் சக்கரத்தையும் தாங்கிச் சுற்றும் நடுப்பகுதியான ஹப்பில், துரு செதில் செதிலாக உட்கார்ந்திருந்தது. புது டிஸ்க்கை அதன் மேலேயே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

டிஸ்க் பெரும்பாலும் வளைவதே இல்லை. நடப்பது வேறு. டிஸ்க் ஹப்பில் சமமாக உட்காராவிட்டால், சுற்றும்போது இம்மியளவு தள்ளாடும். பிரேக் மிதிக்காதபோதும் அதன் மேடான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையை) உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே கையில் தெரியும். மாட்டிய அன்று ஒன்றும் தெரியாமல், பல மாதம் கழித்து உதறல் திரும்புவது இதனால்தான்.

முதலில், இது பிரேக் உதறல்தானா?

பிரேக் தொடாமலே 80-90 வேகத்தில் ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்ஸ் பாருங்கள், இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க். ஸ்டியரிங் சும்மா இருந்து சீட்டும் பெடலும் மட்டும் துடித்தால் பின்பக்க டிரம்மைச் சந்தேகப்படலாம். அவசரமாக அழுத்தி மிதிக்கும்போது பெடல் கடகடவென்று காலைத் தள்ளினால் அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), கோளாறு அல்ல.

கழட்டுவது

ஜாக்கி போடுவது, வீல் கழட்டுவது எல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள், கண்டிப்பாக ஸ்டாண்ட் கொடுங்கள். பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழட்டியதும் அதன் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். மலிவு லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

டிஸ்க் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அதன் முகத்தில் மரை போட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கிறதா பாருங்கள். சரியான போல்ட்டை இரண்டிலும் மாறி மாறி முடுக்கினால் டிஸ்க் தானே கழன்று வரும். சுத்தியல் தேவைப்படாது.

ஹப்: அவசரப்படக் கூடாத இடம்

கம்பி பிரஷ், எமரி பேப்பர், பொறுமை, இவ்வளவுதான் தேவை. ஹப்பின் முகத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். வீல் போல்ட்டுகளின் அடியைச் சுற்றித்தான் துரு ஒளிந்திருக்கும், பிரஷ் அங்கே சரியாக எட்டாது. எமரியைச் சிறு துண்டாகக் கிழித்து விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நடுவில் உள்ள வளையத்தின் மூலையையும் விடாதீர்கள். பெயின்ட், கிரீஸ் எதுவும் அந்த முகத்தில் பூச வேண்டாம். ஹப்பைவிட டிஸ்க் அகலம் என்பதால், ஹப் ஓரத்தில் இருக்கும் சிறு துரு டிஸ்க்கின் ஓரத்துக்குப் போகும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளாட்டமாகிவிடும்.

அடுத்து அளவு. டிஸ்க்கை மாட்டி, வாஷர் வைத்து நான்கு நட்டையும் சமமாக முடுக்குங்கள். மேக்னெட் ஸ்டாண்டில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) பொருத்தி, முனை டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே தொடும்படி வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். முள் 0.05 மி.மீ.க்குள் ஆடினால் நிம்மதி. கூடுதலாக ஆடினால் டிஸ்க்கைக் கழட்டி, அடுத்த போல்ட்டுக்குத் திருப்பி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். நான்கு போல்ட் என்றால் நான்கு நிலை, அதில் எது குறைவோ அதைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நான்கிலும் அடங்கவில்லை என்றால் ஹப்போ பெயரிங்கோதான் காரணம். அங்கே எந்தக் கம்பெனி டிஸ்க் போட்டாலும் காசுக்குத்தான் கேடு.

டயல் கேஜ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு டிஸ்க் ஜோடியின் விலையோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. விரல் வைத்துப் பார்த்து 0.05 மி.மீ. கண்டுபிடிக்க முடியாது.

எதை வாங்குவது

பழைய டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடையலாமா? டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். கடைந்த பிறகும் அதற்கு மேல் போதுமான அளவு மிஞ்சினால் கடையலாம். ஆனால் சாதாரண லேத்தில் டிஸ்க்கைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் இல்லாத தள்ளாட்டமும் வந்துவிடும். நான் கடைவதற்கு ஓட்டுப் போட மாட்டேன். புதிது என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், பேடும் புதிதாகவே இருக்கட்டும்.

துளை போட்ட, கோடு கிழித்த டிஸ்க்குகள் அழகுக்குச் சரி. ஆபீஸுக்கும் ஊருக்கும் ஓட்டுகிற வண்டிக்கு கம்பெனி அளவிலான சாதா டிஸ்க் போதும். பேடில் சென்னைக்காரர்களான ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் பேடும் நல்லதுதான், ஆனால் போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு. பில் தராத கடையில் பிரேக் சாமான் மட்டும் வாங்காதீர்கள்.

பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் பிடிமானம், இரண்டாவது சூட்டில். 'இ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' 0.45 முதல் 0.55 வரை. எஃப் எஃப் தாராளம். இரண்டாவது எழுத்து 'இ' ஆக இருந்தால் மலைப்பாதைக்குப் போகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

மாட்டுவது

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். கேலிப்பர் பின்கள் தாராளமாக நகர வேண்டும். அதற்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும், சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் பாட்டிலைக் கவனியுங்கள், வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதிக்கு வண்டி நிற்காது.

வீல் நட்டைத்தான் பலர் கெடுக்கிறார்கள். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் 'டர்ர்ர்' என்று இறுக்கினால் ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு அழுத்தத்தில் இருக்கும், சரியாக உட்கார்ந்த டிஸ்க்கும் கோணலாகும். குறுக்காக எதிரெதிர் நட்டாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை வரும், உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும்.

கடைசியாகப் பேடைப் பழக்குவது. காலி ரோட்டில் 60-லிருந்து 20 வரை மிதமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். இடையில் ஆற விட்டு எட்டு, பத்து முறை செய்யுங்கள். பேட் சூடாக இருக்கும்போது சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டி மறுபடி உதறலுக்கு விதை போடும். கொல்லிமலையின் 70 வளைவுகளை இறங்கியவுடன் அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். கீழ் கியரில் இறங்குங்கள், நிறுத்தும் முன் கொஞ்ச தூரம் காற்று வாங்க ஓட்டுங்கள்.

பிறகு சேர்த்தது: ஹூண்டாய் வைத்திருக்கும் சிலர் டிஸ்க் அசையவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த டிஸ்க்கைச் சிறு திருகாணி பிடித்திருக்கும். சாதா ஸ்குரூடிரைவரால் முயன்றால் தலை தேய்ந்துவிடும். இம்பாக்ட் டிரைவரை (தட்டும்போது தானே திருகும் ஸ்குரூடிரைவர்) வைத்து சுத்தியலால் தட்டினால் இளகும். திருகாணித் தலையில் முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தால் வேலை சுலபம். டிஸ்க் முகத்தில் பட்டதைக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.