ஹெட் வாங்கும் முன் பிளாக்கைப் பாருங்கள்: ஃபிளாட்ஹெட் வி8 கட்டுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் கலிபோர்னியாவில் போமோனா பழைய கார் சந்தையில் ஒரு பையனைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கைக்கொன்றாகப் புத்தம்புது அலுமினிய ஹெட், அதாவது எஞ்சின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகம். வெயில் பட்டதும் அதன் துடுப்புகள் கண்ணைப் பறித்தன. "பிளாக் எங்கே?" என்று கேட்டேன். சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் இரும்பு உடல்தான் பிளாக். "இனிமேல்தான் தேடணும்" என்றான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அதே சந்தையிலிருந்து அப்படித்தான் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு அங்கேயே சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஆயில் மாற்றுவது, போல்ட்டை முறுக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும்; அதற்குள் போகவில்லை.

மறுவார்ப்பை மட்டமாக நினைப்பது

1932இல் ஃபோர்டு, ஃபிளாட்ஹெட் என்கிற இந்த எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் காரில் வைத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். போருக்குப் பிறகு தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களிலிருந்து இதைக் கழற்றி, எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்காகவே எடல்பிராக், ஆஃபன்ஹவுசர் போன்றவர்கள் அலுமினிய ஹெட்டும் மேனிஃபோல்டும் வார்த்தார்கள். அந்தக் காலத்து ஹெட் இன்று கிடைத்தால், தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றிப் பெரும்பாலும் அரித்துப் போயிருக்கும். அலமாரியில் வைத்து அழகு பார்க்க அது போதும். ஓட்டுவதற்குப் பழைய வடிவத்திலேயே புதிதாக வார்த்த மறுவார்ப்புதான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆர்டன் ஹெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கார்வெட் காரால் புகழ்பெற்ற சோரா ஆர்கஸ்-டன்டோவும் அவர் தம்பியும் சேர்ந்து, வால்வுகளைப் பிளாக்கிலிருந்து தூக்கி ஹெட்டிலேயே வைத்தார்கள். அதிக பாரத்தில் சூடேறித் திணறிய ஃபோர்டு லாரிகளை மனதில் வைத்துச் செய்தது. பந்தயக்காரர்கள் கையில்தான் அது பேர் வாங்கியது. பழையது நம் கைக்கு எட்டாது. ஆர்டனின் மறுவார்ப்பு ஒன்றை முதல்முறை பக்கத்தில் நின்று பார்த்தபோது அரைமணி நேரம் நகரவே மனசு வரவில்லை. ஒரே ஒரு விஷயம்: மறுவார்ப்பைப் பழசு என்று சொல்லி விற்பவரும் உண்டு. வார்ப்புக் குறிகளைப் பார்க்காமல் பழசின் விலையைக் கொடுக்காதீர்கள்.

பிளாக்கைச் சோதிக்காமல் செலவைத் தொடங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

நான் வாங்கியது 59ஏ வகை பிளாக். "கழற்றும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது" என்றார் விற்றவர். நம்பினேன். துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, புது ஹெட்டையும் மூன்று ஸ்ட்ராம்பர்க் 97 கார்பரேட்டர்களையும் வைத்துப் பார்த்தேன். அந்த அழகில் மயங்கி, அப்படியே லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எட்டு சிலிண்டரையும் 3 5/16 அங்குலத்துக்கு போர் போட்டு (உள்ளே கடைந்து அகலப்படுத்தி), வால்வு சீட் மாற்றி, கிராங்கை பேலன்ஸ் செய்து, எல்லாம் சேர்த்து 4,000 டாலருக்கு மேல் போனது. பிளாக்கைச் சோதித்தாயா என்று பட்டறையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அவர்கள் தொழில்; செய்ய வேண்டியது என் வேலை. இரண்டுமே நடக்கவில்லை.

முதல்முறை ஸ்டார்ட் செய்து இருபது நிமிஷம் ஓடியது. மறுநாள் காலையில் டிப்ஸ்டிக்கை இழுத்தால் எண்ணெய் தண்ணீர் கலந்து, பால் காபி நிறத்தில் வந்தது. ஹெட்டைக் கழற்றினேன். ஒரு எக்ஸாஸ்ட் வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் சுவர் வரை தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. பார்த்தால் தெரியாது, நகத்தால் வருடினால் தட்டுப்படும். கீழே எக்ஸாஸ்ட் வழிக்குள்ளும் அது இறங்கியிருந்தது. அந்த பிளாக் அதோடு முடிந்தது.

விரிசல் அங்கே விழக் காரணம் உண்டு. இந்த எஞ்சினில் வால்வுகள் பிளாக்கில் இருக்கின்றன. ஹெட் வெறும் மூடிதான். எரிந்த புகை பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் அறையைக் கடந்து வெளியே போகிறது. ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், வெளியேற மூன்றே வாய். நடுவில் உள்ள இரண்டும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சூடு முழுவதையும் பிளாக்தான் தாங்குகிறது. போதாததற்கு, வார்த்தபோது தங்கிய மணலும் கம்பியும் பல பிளாக்குகளில் அப்படியே கிடக்கும். வளைத்த கம்பியை விட்டுக் குடைந்து, ஒரே பிளாக்கிலிருந்து இரண்டு கைப்பிடி துருச்சேறும் மணலும் எடுத்திருக்கிறேன்.

அதனால் இப்போது என் வரிசை இதுதான். முதலில் ஸ்டட் (ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் திருகுக் கம்பி) உட்பட எல்லாவற்றையும் கழற்றி, காரத் தொட்டியில் பிளாக்கை ஊறவைத்துச் சுத்தம் செய்வேன். அப்புறம் காந்தச் சோதனை. காந்தத்தின் இரு காலையும் வால்வு சீட்டுக்கு இருபுறமும் ஊன்றி, மெல்லிய இரும்புத்தூளைத் தூவி, வாயால் லேசாக ஊத வேண்டும். மற்ற இடத்துத் தூள் பறந்துவிடும். விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் எறும்பு வரிசைபோல் ஒட்டி நிற்கும். அதற்கும் மேல், தண்ணீர் வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சில விரிசல் வெளியே தெரியாது, காற்று கசிந்தால்தான் தெரியும். போர் போடுவதாக இருந்தால் சுவர் தடிமனையும் ஒலிக்கருவியால் அளந்துகொள்ளுங்கள். வார்க்கும்போது உள்ளச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கும்.

ஸ்டட் துளைக்கும் பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கும் நடுவே சின்ன விரிசல் என்றால் பயம் வேண்டாம், உலோகப் பின் வைத்துத் தைத்துவிடலாம். சீட்டிலிருந்து சிலிண்டருக்குப் போனால் ஸ்லீவும் (சிலிண்டருக்குள் இறக்கும் உலோகக் குழாய்) புதுச் சீட்டும் போட்டுச் சில சமயம் காப்பாற்றலாம். எக்ஸாஸ்ட் வழிக்குள் இறங்கிவிட்டால் நான் கைகழுவிவிடுவேன். இந்தச் சோதனைகள் மொத்தமும் சில நூறு டாலரில் முடியும்.

நல்ல பிளாக் கிடைக்கவே இல்லையென்றால் பிரெஞ்சு பிளாக் இருக்கிறது. அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு மாடலோடு இந்த எஞ்சின் நின்ற பிறகும், பிரான்சில் ராணுவ லாரிகளுக்காக வார்த்துக்கொண்டிருந்தார்கள். வேற்றுநாட்டு வார்ப்பு என்று ஒதுக்காதீர்கள்.

களிமண் வைத்துப் பார்க்காதது

மறுவார்ப்பு ஹெட்டின் எரியறை ஆழம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்காது. கேம்ஷாஃப்ட் வால்வை உயரத் தூக்கும் வகையாக இருந்தால் வால்வு போய் ஹெட்டில் இடிக்கலாம். பிஸ்டன் மேலும் வால்வு மேலும் மாடலிங் களிமண் வைத்து, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஹெட்டைக் கழற்றி, நசுங்கிய களிமண்ணைப் பிளேடால் வெட்டி அளந்து பாருங்கள். பிஸ்டன் பக்கம் 0.040 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் நான் மேற்கொண்டு போகமாட்டேன்.

சீலன்ட் இல்லாமல் ஸ்டட் போடுவது

ஸ்டட் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன. அடைக்கும் பசை இல்லாவிட்டால் கசியும்.

ஸ்ட்ராம்பர்க் கார்பரேட்டருக்கு இன்றைய எரிபொருள் பம்ப்

3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் கொடுத்தால் பெட்ரோல் வழியும். அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் போடுங்கள்.

வெறும் தண்ணீர்

வேண்டாம். இரும்பு பிளாக்கோடு சேர்ந்தால் அலுமினிய ஹெட் அரிக்கும், கூலன்ட் ஊற்றுங்கள்.

எந்த வகை என்று பார்க்காமல் ஹெட் வாங்குவது

1938க்கு முன் வந்தவை 21 ஸ்டட், பிறகு வந்தவை 24. அந்த 24லும் 1948 வரை தண்ணீர் வாய் ஹெட்டின் நடுப்பக்கம். 1949இல் வந்த 8பிஏ வகையில் முன்முனையில். பிளாக் கையில் இல்லாமல் ஹெட் வாங்கினால் இதில் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்தப் பையன் போன சனிக்கிழமை ஒரு பிளாக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். காசு கொடுக்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விற்பவரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். இரண்டு பேரும் குனிந்து, எட்டு சிலிண்டரைச் சுற்றியும் தூள் தூவி ஊதினோம். இரண்டு ஸ்டட் துளைகளுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னக் கோடு, மற்றபடி சுத்தம். அழுத்தத்தையும் தாங்கியது. ஆனால் அது 8பிஏ. அவனிடம் இருப்பது 1949க்கு முந்தைய வகை ஹெட். இரண்டு ஹெட்டையும் எடுத்துக்கொண்டு, மாற்றித் தருவார்களா என்று கேட்கப் போயிருக்கிறான்.