தாத்தா போன பட்டாளம் எது?

போர்க்கால அணிவகுப்பை மறுபடி நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் தாத்தாவாக நிற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடிப் போவது தையற்காரரைத்தான். நானும் அப்படித்தான் போனேன். பாயும் புலி போட்ட தோள் சின்னம் ஒன்றை இணையத்தில் வாங்கி, சட்டையில் தைத்தும்விட்டேன். ஒத்திகைக்கு வந்த பெரியவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்து, "தம்பி, இது என்ன மொழி?" என்றார். 'ஃப்ரைஸ் இண்டியன்'. ஜெர்மன். ஐரோப்பாவில் சுபாஷ் சந்திர போஸ் திரட்டிய படையினர் அணிந்த சின்னம் அது. சிங்கப்பூரில் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் பறந்ததோ ராட்டை பொறித்த மூவர்ணக் கொடி. ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து கிளம்பிய என் சின்னத் தாத்தாவுக்கும் ஜெர்மனிக்கும் என்ன சம்பந்தம்?

அதைவிடப் பெரிய தவறு, "ஜப்பான்காரன் காலத்தில் பட்டாளத்துக்குப் போனார்" என்று வீட்டில் சொல்வதை அப்படியே நம்பிவிடுவது. பட்டாளம் ஒன்றல்ல. மலாயாவைக் காக்க இந்தியாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர் 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களை ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், அதே படையில் அதிகாரியாக இருந்த மோகன் சிங்கின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்தப் படை டிசம்பரிலேயே கலைந்தது. 1943 ஜூலை 2 அன்று போஸ் சிங்கப்பூர் வந்த பிறகுதான் தோட்டத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் பெருமளவில் சேர்ந்தார்கள். ஆகவே, "எந்தப் படை?" என்று பாட்டியிடம் கேட்காதீர்கள். "எப்போது போனார், எங்கிருந்து போனார், போகும்போது ஏற்கெனவே சிப்பாயா?" என்று கேளுங்கள்.

"பர்மாவுக்குப் போனார்" என்றால் இன்னும் கவனம் தேவை. சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதைக்குக் கூலியாகப் பிடித்துச் செல்லப்பட்டவராகவும் இருக்கலாம். சொல்ல மனம் வராமல் குடும்பம் அதைப் பட்டாளம் ஆக்கியிருக்கும். அப்படிப்பட்டவருக்குச் சீருடை மாட்டுவது அவர் பட்ட பாட்டை இன்னொரு முறை மறைப்பது என்பேன்.

காகிதங்களில் 2603 என்று ஆண்டு இருந்தால் எழுத்துப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஜப்பானியக் கணக்கில் 1943. கடிகாரமும் தோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டிருந்தது. காலை ஆறு மணி என்று எழுதியிருந்தால் இருட்டாக இருந்திருக்கும்.

சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறையில் கல்லறைக் கற்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கு, பெரும்பாலும் இந்திய வீரர்களுக்கு, நினைவுச் சின்னத்தின் பின்புறம் தனி நினைவிடம் இருக்கிறது. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவதும் வீண். ராமசாமி, இராமஸ்வாமி, வெறும் சாமி என்று எப்படியும் பதிந்திருப்பார்கள். தந்தை பெயர், ஊர், தாலுகா ஆகியவற்றை வைத்துத் தேடுங்கள்.

பதக்கங்களில் ஒரு சங்கதி. பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டவருக்கு பசிபிக் நட்சத்திரம், பர்மா நட்சத்திரம் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. இரண்டுக்கும் தகுதி இருந்தாலும் ஒன்றுதான். இரண்டையும் குத்திக்கொண்டு நிற்பவரை விவரமறிந்தவர்கள் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். மாதிரித் துப்பாக்கியை, காவல்துறையிடம் கேட்காமல், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் வேண்டாம்.

தாத்தாவைப் பற்றி ஒன்றுமே அகப்படவில்லையா? சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். அதே காலத்தில் அதே முகாமில் இருந்தவர் என்ன உண்டார், எதை உடுத்தினார் என்பதாவது கிடைக்கும்.

என் சின்னத் தாத்தாவின் படைப்பிரிவு எதுவென்று இன்னும் தெரியவில்லை. சட்டைத் தோளில் புலியைப் பிரித்தெடுத்த ஊசித் துளைகள் மட்டும் இருக்கின்றன.