காதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவுகட்டாதீர்கள்: நாய், பூனை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாயின் காதைத் தொட்டால் சூடாகத்தான் இருக்கும். நமக்கு 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 வரை இயல்பு. இது தெரியாமல் "உடம்பு கொதிக்குது" என்று பாராசிட்டமாலில் பாதியை உடைத்துச் சோற்றுக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நாய்க்கே அது தேவையில்லாத ஆபத்து. பூனைக்கோ உயிர் போகிற விஷயம்.

கணக்குப் போட்டால் புரியும். பூனைக்கு எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் பாராசிட்டமாலே நஞ்சாகலாம். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை 4 கிலோ பூனைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நம் கல்லீரல் இந்த மருந்தோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்துக் கரைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி பூனையிடம் மிகக் குறைவு. அதனால் மருந்து வேறு வழியில் சிதைந்து ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாகும் அல்லது நீலம் பாயும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் புகட்ட வேண்டாம். உப்பே தனியாக ஒரு நஞ்சாகிவிடும்.

ஐபூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நாய்க்கும் ஆகாது. வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சலா என்று பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்: முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவு நுழைத்து, பீப் சத்தம் வரும்வரை பிடிக்க வேண்டும். 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போகலாம். அந்தத் தெர்மாமீட்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

பூனையின் கல்லீரல் பற்றிய இந்த ஒரு விஷயம் தெரிந்தால் மற்ற பல தவறுகளும் விளங்கிவிடும். தரை துடைக்கும் ஃபினாயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ஃபினாயிலில் ஃபீனால் வகைச் சேர்மங்கள், வெள்ளையில் பைன் எண்ணெய். பூனை ஈரத்தரையில் நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். நக்கியது உள்ளே போய் எளிதில் வெளியேறாமல் தங்கும். சோப்புத் தண்ணீரால் துடைப்பது மேல். எந்தக் கிருமிநாசினியானாலும் தரை முழுதாகக் காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். அலமாரியில் போடும் அந்துருண்டையும் பூனைக்கு ஆகாது.

உண்ணி மருந்தில் நடக்கும் தவறு இன்னும் மோசம். நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உண்டு. "நாய்க்கு ஒரு குப்பி, பூனைக்குக் கால் குப்பி" என்று பங்குபோட்டால், சில மணி நேரத்திலேயே பூனைக்கு உடல் உதறி வலிப்பு வரலாம். அப்படி ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பால் கழுவி, துடைத்து, உடனே கொண்டுபோக வேண்டும். நாயைக் கழுவ வாங்கும் அமிட்ராஸ் கரைசலும் பூனைக்கு வேண்டாம். நாயும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால் பெர்மெத்ரின் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குவதே நிம்மதி.

நாய்க்கு உண்ணி போகவே மாட்டேன் என்கிறது என்பவர்கள் பெரும்பாலும் நாயை மட்டும் பார்க்கிறார்கள், சுவரைப் பார்ப்பதில்லை. பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாய்க்கு வெளியேதான் கழிக்கிறது. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி இறங்கிப்போய்ச் சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து விட்ட அன்றே, அது படுக்கும் சாக்கு, விரிசல், செருப்பு வைக்கும் மூலை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, விரிசலைப் பூசி அடைக்க வேண்டும். சொட்டு மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. ஒட்டியிருக்கும் உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியோ ஊதுபத்தியால் சுட்டோ எடுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். விரலால் நசுக்க வேண்டாம்.

உண்ணி கடித்த நாய் சாப்பாட்டைக் குறைத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாவால் வரும் காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், சிவப்பணுக்களை உடைக்கும் பேபிசியா என்ற ஒட்டுண்ணியையும் சந்தேகிக்க வேண்டும். ரத்த அணுக்களையும் தட்டணுக்களையும் எண்ணிப் பார்க்கும் பரிசோதனையை அன்றே செய்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். பூனைக்குப் பாலும் சோறும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். சோற்றில் டாரின் என்ற அமினோ அமிலம் இல்லை. பூனையால் அதைத் தன் உடலில் தேவையான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. மீன், கறியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இதயத் தசை தளரும், விழித்திரை கெடும். வேகவைத்த மீனும் கோழியும் கொடுக்கலாம், ஆனால் குழம்பில் கிடந்த துண்டு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்கும் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும். சாம்பார் சாதம், பிரியாணி மிச்சம் இரண்டும் இந்தக் கணக்கில்தான் வரும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். வளரும் நாய்க்குட்டிக்கு வெறும் கறியும் சோறும் போட்டால் கால்சியம் போதாமல் கால் வளையும். எலும்பு முறியவும் செய்யும்.

தடுப்பூசியில் முக்கியத் தவறு ஒன்றே: முதல் ஊசியோடு நிறுத்திவிடுவது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை 3, 4 வாரங்களுக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் ரத்தப்பேதியும் வரவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். ஊசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கி நடத்த வேண்டாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் நாய்க்கு வியர்த்துக் குளிராது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் கஷ்டம். தார் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை நடக்கவிடாதீர்கள். மயங்கித் தள்ளாடினால் உடல் முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கும்.

கடைசியாக, ஆண் பூனை. மண் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். அடிவயிற்றை மெல்லத் தொட்டால் எலுமிச்சை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ கல்போல ஒன்று தட்டுப்படலாம், அது நிறைந்த சிறுநீர்ப்பை. அழுத்திப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், திறந்திருக்கும் மருத்துவமனையைத் தேடிக் கூடையில் வைத்துக் கிளம்பிவிடுங்கள்.