சீனத் தயாரிப்புக் காரைச் சோதித்து வாங்குவது எப்படி?

முத்திரையை மட்டும் பார்த்து ஒரு கார் எங்கே தயாரானது என்று முடிவு செய்யாதீர்கள். 17 இலக்க அடிச்சட்ட எண் 'எல்' என்ற எழுத்தில் தொடங்கினால் அது சீனாவில் தயாரான வண்டி. ஷாங்காயில் உருவாகும் டெஸ்லாவும் இதில் அடங்கும்.

அடுத்து, மோதல் சோதனையின் முடிவைத் தேடுங்கள். 2005-இல் ஜெர்மனியில் நடந்த சோதனையில் லேண்ட்விண்ட் என்ற சீன வண்டி படுமோசமாக நொறுங்கியது. 2022-இல் சீன நிறுவனமான பிஒய்டியின் 'அட்டோ 3' கார், யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2023-இல் கார் ஏற்றுமதியில் சீனா ஜப்பானை முந்தியதற்கு மலிவு விலை மட்டுமே காரணமன்று என்பதற்கு இதுவே சான்று. ஆனாலும் நட்சத்திரம் எந்த ஆண்டு மாடலுக்கு, எத்தனை காற்றுப்பைகள் உள்ள வகைக்குத் தரப்பட்டது என்பதைச் சரிபார்ப்பது அவசியம்.

மின்சாரக் கார் என்றால் பேட்டரியின் வகையைக் கேளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எளிதில் தீப்பற்றாது, நீண்ட நாள் உழைக்கும். எடை கூடுதல், கடுங்குளிரில் சற்றுச் சுணங்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது, ஏசியின் குளிரைத் தொடுதிரையில் மாற்ற எத்தனை முறை விரலை வைக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். பல சீனக் கார்களில் எனக்குப் பிடிக்காதது இதுதான். கதவோர ரப்பர் பட்டையை விரலால் தடவி, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முன்பணம் கட்டுமுன், முகப்பு விளக்கும் பம்பரும் என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.