தம்பியின் மெயிலுக்கு வந்த பெட்டிங் விளம்பரங்களை நிறுத்திய விதம்

என் தம்பி திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆன்லைன் பெட்டிங்கில் அவன் விட்ட பணத்துக்கு என் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. இனி ஆட மாட்டேன் என்று அவன் சொன்னதை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த சைட்டுகள் அவனை விடவில்லை. "அக்கா, மெயில் வந்துச்சுன்னா கை தானா அதுக்குப் போகுது" என்று ஒரு ராத்திரி சொன்னான். மறுநாள் ஞாயிறு. இருவரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் அவன் கையாலேயே செய்ய வைத்தேன். உங்கள் வீட்டிலும் போனைப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் மெயில்களை இரண்டாகப் பிரித்தோம். அவன் கணக்குத் தொடங்கிய சைட்டிலிருந்து வருபவை ஒரு பக்கம், பெயரே தெரியாத இடங்களிலிருந்து வருபவை இன்னொரு பக்கம்.

கணக்கு உள்ள சைட் என்றால் கணக்கையே மூடச் சொல்ல வேண்டும். அதற்காக லாகின் செய்யாதீர்கள், உள்ளே போனதுமே ஆட்டம் கண்ணில் படும். அவர்களுடைய உதவி முகவரிக்கு, "என் கணக்கை நிரந்தரமாக மூடுங்கள், விளம்பரம் எதுவும் அனுப்பாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினோம். மூன்றாம் நாள், திரும்பி வந்தால் 1,000 ரூபாய் போனஸ் என்று பதில் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே இரண்டு வரியை மறுபடி அனுப்பினோம், இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். அப்புறம்தான் அன்சப்ஸ்கிரைப். மெயிலின் அடியில் இருக்கும் லிங்க் வேண்டாம். ஜிமெயிலே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் அன்சப்ஸ்கிரைப்பை அழுத்துங்கள். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புபவர்கள், தங்கள் விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்பது 2024-இல் கூகுள் கொண்டுவந்த விதி.

தெரியாத இடத்து மெயிலில் எந்த லிங்க்கையும் தொடக் கூடாது. தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். திறக்காமலே தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் ஸ்பேம் கொடுங்கள். படம் லோடு ஆனாலே மெயிலைத் திறந்துவிட்டோம் என்பது அனுப்பியவருக்குத் தெரியலாம். அதனால் செட்டிங்ஸில் இமேஜஸ் பகுதிக்குப் போய், கேட்ட பிறகே படம் காட்டும்படி மாற்றிவிடுங்கள். பரிசுத் தொகை காத்திருக்கிறது, ஆதார், பான் அனுப்புங்கள் என்று வந்தால் அது ஏமாற்று வேலை.

பிளாக் செய்தால் வேறு முகவரியிலிருந்து வருகிறார்கள். அதற்கு, நாம் கொடுக்கும் வார்த்தைகள் உள்ள மெயிலைத் தானாகவே ஒதுக்கும் ஃபில்டர்தான் சரி. ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர் போட முடியாது, கம்ப்யூட்டரில்தான் முடியும். தேடும் பெட்டியின் வலது ஓரத்துக் குறியை அழுத்தி, 'ஹேஸ் த வேர்ட்ஸ்' கட்டத்தில் வார்த்தைகளைக் கொடுத்து, கிரியேட் ஃபில்டர், பிறகு டெலீட் இட். நாங்கள் முதலில் 'போனஸ்' என்ற ஒற்றை வார்த்தையைப் போட்டுவிட்டோம். கம்பெனி அனுப்பிய தீபாவளி போனஸ் கடிதமும் டிராஷுக்குப் போய்விட்டது. டிராஷில் 30 நாள் இருக்கும் என்பதால் மீட்க முடிந்தது. பிறகு 'டெபாசிட் போனஸ்', 'ஃப்ரீ ஸ்பின்ஸ்', 'கேசினோ' என்று ஆங்கிலத்தில் போட்டோம். இரண்டு வார்த்தையாக வருவதை மேற்கோள் குறிக்குள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பெரிய எழுத்தில் 'ஆர்' என்ற ஆங்கில இணைப்புச் சொல்லைப் போட வேண்டும். அதிலிருந்து கம்பெனி மெயில் எதுவும் தவறவில்லை.

எஸ்.எம்.எஸ். விளம்பரம் வந்தால் 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வாட்ஸ்அப்பில் வந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு என்ற புகார் பகுதியில் தெரிவிக்கலாம். மெயிலை அழிக்கும் முன் ஆதாரத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கை தானாகப் போகிறது என்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் சொன்னால் திட்டாதீர்கள். அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். என் தம்பி முதல் தடவை பேசியபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டேன். இருபது நிமிஷம் பேசிவிட்டு வந்து, டீ இருக்கா என்று கேட்டான்.

இப்போது ஞாயிறு காலையில் ஸ்பேமை அவனே காலி செய்கிறான். போன வாரம் நான்கு மெயில், எதையும் திறக்கவில்லை.