எத்தனை முறை படித்தும் தேர்வில் ஏன் மறந்துபோகிறது?

அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிப்போருக்கு மாலை வகுப்பு எடுத்துவருகிறேன். நான் தேர்வெழுதிய காலத்தில் செய்த தவறுகளையே புதிதாக வருவோரும் ஒவ்வோர் ஆண்டும் செய்கிறார்கள். கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது, பாடத்திட்டத்தைப் பாராமல் புத்தகங்களை வாங்கிக் குவிப்பது போன்றவற்றை வீட்டிலேயே கண்டித்திருப்பார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மீண்டும் மீண்டும் வாசிப்பதே படிப்பு என்று நம்புவது

இதைப்போல ஆண்டுகளை விழுங்கும் தவறு வேறொன்று இல்லை. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. ஒரு மாணவி பள்ளி வரலாற்றுப் புத்தகத்தை அட்டை கழன்றுபோகும் அளவுக்கு வாசித்திருந்தார். 1806 ஜூலை 10 அன்று வெடித்த வேலூர்ப் புரட்சி எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, படம் எந்த மூலையில் இருக்கிறது என்பதுவரை அவரால் சொல்ல முடிந்தது. ஆனால் அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் யார் என்று கேட்டு, வில்லியம் பெண்டிங்க், ஜான் கிரடாக், கில்லஸ்பி, ஃபேன்கோர்ட் என்ற நான்கு பெயர்களைக் கொடுத்ததும் தடுமாறி, கிரடாக் என்றார். நால்வருமே அந்தப் பாடத்தில் வருபவர்கள்தாம்: பெண்டிங்க் ஆளுநர், கிரடாக் புதிய தலைப்பாகையைப் புகுத்திய தலைமைத் தளபதி, ஃபேன்கோர்ட் கோட்டையில் கொல்லப்பட்ட அதிகாரி, கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்து புரட்சியை ஒடுக்கியவர். அத்தனை முறை வாசித்ததில் நான்கு பெயர்களும் அவருக்கு ஒரே அளவு பழகியிருந்தன. யார் என்ன செய்தார் என்பதைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒருமுறைகூட அவர் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்ததில்லை.

கண்ணில் பட்டதைத் தெரிந்தது என அடையாளம் காண்பது வேறு. எதையும் பாராமல் நினைவுகூர்வது வேறு. பலமுறை வாசித்த பக்கத்தில் வரிகள் தடையின்றி ஓடுவதால், அந்த எளிமையையே மனம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தனர். இன்னொரு பிரிவினர் ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் பிரிவினர் 83 விழுக்காடும் இரண்டாம் பிரிவினர் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது: படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடும் எஞ்சியிருந்தன. இதில் கவனிக்க வேண்டியது, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதல் பிரிவினரே என்பதாகும்.

ஆகவே பாடத்தை ஒருமுறை கவனமாக வாசித்தபின் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதையும் பிழையானதையும் வேறு மையில் திருத்துங்கள். முதல் முறை பாதித்தாள்கூட நிறையாது என்பதால் பலர் மனம் சோர்ந்து மறுபடி வாசிப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்தத் திணறல்தான் பயன் தருகிறது என்று எவ்வளவு சொன்னாலும் ஏற்பதில்லை. நன்னூலை மனப்பாடம் செய்வோர்கூட, பாடங்கற்கும் முறையாக அது கூறும் ‘வினாதல், வினாயவை விடுத்தல்’ (கேள்வி கேட்பது, கேட்டவற்றுக்கு விடை சொல்வது) என்பதை ஒரு மதிப்பெண்ணுக்கான செய்தியாக மட்டும் பார்ப்பது தனி வேடிக்கை.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பாடத்தை ‘முடித்துவிடுவது’

செருமானிய உளவியலாளர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். முதல்முறை கற்க ஆன உழைப்பில், மறுபடி கற்கும்போது எவ்வளவு மிச்சப்படுகிறது என்று பார்த்தார்; அந்த மிச்சம் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கும் கீழே இறங்கியது; ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும், ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்காகவும் குறைந்தது. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவாக மறக்காது என்றாலும், மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வது பொதுவானது. அதனால் முதல் மீட்டலை மறுநாளே செய்துவிட்டு, அடுத்தவற்றை ஒரு வாரம், ஒரு மாதம் என்று தள்ளிவையுங்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிப்பது

படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதில் உறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு, உறங்குங்கள்.

பல வண்ணங்களில் அடிக்கோடிடுவது

பக்கம் அழகாகும்.

எல்லாவற்றுக்கும் குறுக்குவழிச் சொல் கட்டுவது

முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் ஆக்குவது, காரணத் தொடர்பு இல்லாத பட்டியல்களுக்கு உதவும். வேலூர்ப் புரட்சியின் காரணங்களுக்கும் ஒரு சொல்லைக் கட்டிவிட்டு, பிறகு அந்தச் சொல்லையே மறந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தோலாலான சின்னம் கொண்ட தலைப்பாகை, சமயக் குறிகளுக்கும் காதணிக்கும் தடை, தாடியை மழிக்கும் ஆணை ஆகிய எல்லாம் சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தின என்ற ஒரே இழையைப் பிடித்துக்கொண்டால், அந்தப் பட்டியலை எழுதச் சூத்திரமே தேவைப்படாது.