இரண்டு பேர், நான்கு கைகள்: ஸ்டீவ் ரைஷின் 'கிளாப்பிங் மியூசிக்' தட்டிப் பழகுவது எப்படி

நவீன அமெரிக்க கிளாசிக்கல் இசையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் ஆல்பம் எதையும் சிபாரிசு செய்வதில்லை. உட்கார்ந்து கை தட்டுங்கள் என்றுதான் சொல்வேன். 1936-இல் நியூயார்க்கில் பிறந்த இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1972-இல் எழுதிய 'கிளாப்பிங் மியூசிக்' படைப்புக்கு வாத்தியமே வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கை தட்ட வேண்டும், அவ்வளவுதான். மேற்கத்திய நொட்டேஷன் படிக்கத் தெரியாதவரும் இதை வாசித்துவிடலாம். தட்டிப் பார்த்துவிட்டால், ரைஷின் மற்ற படைப்புகளில் என்ன நடக்கிறது என்பதும் காதுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

கொஞ்சம் பின்னணி. 1970-இல் ரைஷ் கானாவுக்குப் போய் அக்ராவில் ஏவே மக்களின் மேள இசையைப் படித்தார். திரும்பி வந்து 'டிரம்மிங்' என்ற நீண்ட படைப்பை எழுதி, தன் குழுவோடு ஐரோப்பாவில் பயணம் செய்தார். அப்போது ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக் கலைஞர்கள் கை தட்டுவதைக் கேட்டிருக்கிறார். மேளமும் மைக்கும் ஆம்ப்ளிஃபையருமாகச் சுமந்து அலைந்தவருக்கு, உடம்பைத் தவிர எதுவும் தேவைப்படாத ஓர் இசையை எழுதும் ஆசை வந்தது. அதன் விளைவுதான் இது.

முதல் படி: சுற்றை வாயில் ஏற்றுங்கள்

மொத்தப் படைப்புக்கும் ஒரே ஒரு சுற்றுதான். 12 இடங்கள், அவற்றில் 8 தட்டு, 4 மௌனம். மூன்று தட்டி ஒன்றை விட வேண்டும், இரண்டு தட்டி ஒன்றை விட வேண்டும், ஒன்று தட்டி ஒன்றை விட வேண்டும், மறுபடி இரண்டு தட்டி ஒன்றை விட வேண்டும்.

எண்ணிக்கையாகச் சொன்னால் குழப்பும். சொற்கட்டாக, அதாவது மிருதங்கக்காரர்கள் வாயால் சொல்லும் தாள எழுத்துகளாகச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று ஒட்டிக்கொள்ளும்:

தகதிமி தகிட தக தகிட

நான்கு, மூன்று, இரண்டு, மூன்று, கூட்டினால் 12. ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எழுத்துக்கு மட்டும் கை தட்டக் கூடாது. அதாவது மி, ட, க, ட நான்கும் வாயில் மட்டும் வரும், கையில் வராது. ரைஷ் இப்படி எழுதவில்லை. நமக்குப் பழக வசதியாக இருப்பதால் நான் இப்படிச் சொல்லித் தருகிறேன்.

முதலில் கையே தட்டாமல் வாயால் மட்டும் சொல்லுங்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம். 'தகதிமி'யில் ஓடிவிட்டு 'தக'வில் இழுப்பது பலருக்கும் வரும் பழக்கம், அதை ஆரம்பத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். போனில் மெட்ரோனோம் ஆப்பை (சீராகக் கிளிக் ஓசை தருவது) நிமிடத்துக்கு 60 கிளிக்கில் வைத்து, ஒரு கிளிக்குக்கு இரண்டு எழுத்து என்று போனால் ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி ஆகும். இந்த வேகம் முதல் நாளுக்குப் போதும். மேடையில் ஒரு சுற்று சுமார் இரண்டு விநாடியில் முடிந்துவிடும், அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: கை

மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். ஒரு கையை அசையாமல் நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு மற்றொன்றால் அதில் தட்டினால் கை சீக்கிரம் சோராது. உள்ளங்கையைக் குவித்தும் தட்டலாம், விரித்தும் தட்டலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் இருவரின் ஓசையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ரைஷ் கேட்கிறார். காரணம் இருக்கிறது: கேட்பவருக்கு இரண்டு ஆட்கள் கேட்கக் கூடாது, இரண்டும் கலந்து பிறக்கும் ஒரே தாளம்தான் கேட்க வேண்டும். அதனால் துணையோடு சேர்ந்து ஐந்து நிமிடம் வெறுமனே தட்டி, ஓசையை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இருவரும் ஒன்றாக அந்தச் சுற்றைத் தட்டுங்கள். வாயில் சொற்கட்டு வேண்டாம், மனதுக்குள் மட்டும் ஓடட்டும். மௌனங்கள் நான்கும் சுத்தமாக விழுந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: முதல் நகர்வு

இங்கேதான் ரைஷ் வருகிறார். முதலாமவர் கடைசி வரை எதையும் மாற்ற மாட்டார். இரண்டாமவர் மட்டும், சுற்றின் முதல் எழுத்தைக் கழற்றிக் கடைசியில் சேர்த்துக்கொள்வார். அதே வரியை இரண்டாவது எழுத்திலிருந்து ஆரம்பிப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம் (கீழே கோடு என்றால் மௌனம்):

முதலாமவர்: த க தி – த கி – த – த கி –
இரண்டாமவர்: க தி – த கி – த – த கி – த

இதை மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். 1, 2, 5, 10 ஆகிய நான்கு இடங்களில் இருவரின் தட்டும் ஒன்றாக விழும், அவை உரக்கக் கேட்கும். மீதி எட்டு இடங்களிலும் யாராவது ஒருவர் தட்டுகிறார். அதாவது ஒருவர் மௌனமாக இருக்கும் இடத்தையெல்லாம் மற்றவர் நிரப்பிவிட்டார், 12-இல் ஓர் இடம்கூடக் காலி இல்லை! ஒன்றாகத் தட்டியபோது மூச்சு விட்டுக்கொண்டிருந்த சுற்று ஒரே ஓர் எழுத்து நகர்ந்ததும் இடைவிடாத ஓட்டமாகிவிடுகிறது. இருவரும் புதிதாக எதையும் தட்டவில்லை. இந்த இடத்தைக் கையால் அனுபவித்தவர்கள் ரைஷை விட மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இரண்டாமவர் இப்போது 'க'வைத்தான் தன் சுற்றின் முதல் அடியாக நினைக்க வேண்டும். மனம் 'தகதி' என்ற மூன்று தட்டைத் தேடிப்போய் அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கு இடம் கொடுத்தால், பழைய சுற்றைத் தாமதமாகத் தட்டுவதுபோல் ஆகிவிடும். முதல் அடி எழுதிய இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது ரைஷின் குறிப்பிலேயே இருக்கிறது. இருவரின் முதல் அடியும் எப்போதும் ஒரே கணத்தில் விழும். காலால் லேசாக அந்த அடியைத் தட்டிக்கொண்டால் பிடி நழுவாது.

நான்காம் படி: மற்ற நகர்வுகள்

இப்படியே ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து, 12-ஆவது நகர்வில் இருவரும் மறுபடி ஒன்று சேர்வார்கள். ஆரம்பத்தையும் சேர்த்து மொத்தம் 13 பகுதிகள். ஒவ்வொரு பகுதியையும் 12 தடவை திரும்பத் தட்டச் சொல்கிறது ரைஷின் பிரதி. எட்டுத் தடவையோடு நகர்கிறவர்களும் உண்டு. நீங்கள் நான்கில் தொடங்குங்கள். எண்ணுவது இரண்டாமவரின் பொறுப்பு. நகர்வு சட்டென்று நடக்க வேண்டும், நடுவில் தடவித் தேடக் கூடாது.

3, 6, 8, 11 ஆகிய நகர்வுகளைத் தனியாக எடுத்துப் பழகுங்கள். இவற்றில் இரண்டாமவரின் சுற்று மௌனத்தில் ஆரம்பிக்கும். முதல் அடியில் கை தட்டாமல் இருப்பது, தட்டுவதைவிடக் கஷ்டம்.

ஆறாவது நகர்வில் இன்னொன்றைக் கவனியுங்கள். இருவரும் சேர்ந்து தட்டும் இடங்கள் 2, 5, 8, 11. சரியாக மூன்று எழுத்துக்கு ஒருமுறை! கோணலாகப் போய்க்கொண்டிருந்த சுற்றுக்குள்ளிருந்து திடீரென்று நேரான நடை ஒன்று எழும். அதில் மயங்கி அந்த அடிகளைத் தாளத்தின் தொடக்கமாக எடுத்துக்கொண்டால் முதலாமவர் தடம் மாறிவிடுவார். பாதி வழியும் இதுதான். இதற்குப் பிறகு வருபவை, முன்பு வந்த கலவைகளே ஆள் மாறி வருபவை.

மாறாமல் தட்டுகிறவருக்கு எளிய வேலை என்று பலர் நினைப்பார்கள். என்னைக் கேட்டால், அவருக்குத்தான் கஷ்டம். சுற்றிலும் எல்லாம் மாறும்போது தன் சுற்றே மாறிவிட்டதுபோல் அவருக்குக் கேட்கும். இருவரில் தாளம் உறுதியாக நிற்கும் ஆளை அந்த இடத்தில் போடுங்கள், பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

வழி தவறினால் இரண்டாமவர் நிறுத்திவிட்டு, முதலாமவரின் மூன்று தட்டு எங்கே வருகிறது என்று கேட்டு, அதோடு ஒன்றாகச் சேர்ந்து மறுபடி தொடங்கலாம்.

துணை இல்லாதவர்களுக்கு

மெட்ரோனோமைக் காதில் வைத்துக்கொண்டு முதலாமவரின் சுற்றை மூன்று நான்கு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். அதை ஓடவிட்டு நீங்கள் இரண்டாமவராகத் தட்டுங்கள். ரைஷே இப்படிச் செய்தவர்தான். 1966 கடைசியில், தான் பியானோவில் வாசித்த சிறு வரியை டேப்பில் சுற்றவிட்டு, அதற்கு எதிராகத் தானே வாசித்துப் பார்த்தார். அதிலிருந்து வந்தது 1967-இன் 'பியானோ ஃபேஸ்'.

கை தட்டிப் பழகியதும் நீங்கள் கேட்க வேண்டியதும் அதுவே. அதிலும் 12 ஸ்வரங்கள் கொண்ட ஒரு வரியை ஒரு பியானோ தொடங்க, இன்னொன்று அதோடு ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் நகர்வு சட்டென்று நடக்காது. ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி, ஒரு ஸ்வரம் முன்னால் போய் நிற்பார். கை தட்டலிலும் இப்படிச் செய்யத்தான் ரைஷ் முதலில் நினைத்தார், இவ்வளவு எளிய ஓசைக்கு அது பொருந்தவில்லை என்று விட்டுவிட்டார். பியானோக்கள் விலகும் இடத்தில் எல்லாம் கலங்கிப் போகும். அங்கே கேட்பதை நிறுத்திவிடாமல் தொடருங்கள். சில விநாடிகளில் இரண்டும் புதிய இடத்தில் பொருந்திக்கொள்ளும். அப்போது எத்தனையாவது நகர்வு என்று எண்ணிக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.